வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்?

வங்கி ஏலத்தில் வீடு எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் பத்திரிகை விளம்பரத்தின் துண்டு ஒன்று இருக்கும். விலையைச் சுட்டிக்காட்டி, "டீச்சர், சந்தை விலையைவிடப் பத்து லட்சம் குறைவு" என்பார்கள். வீட்டுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு விலையைப் பேசுவோம் என்று அனுப்பிவிடுவேன்.

2022 தொடக்கத்தில் எனக்கும் அது தெரியாது. பாளையங்கோட்டையில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் இருபது ஆண்டுகளாக ஆசிரியை. கணவர் மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். இரண்டு சீட்டு முடிந்த பணம், என் வருங்கால வைப்பு நிதி, கொஞ்சம் நகை. இதை வைத்து வீடு ஒன்று வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைத்தோம். தரகர் காட்டிய வீடுகளெல்லாம் எட்டாத விலை. உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர்தான் வங்கி ஏலத்தைப் பற்றிச் சொன்னார்.

முதல் விளம்பரத்தை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். சேரன்மகாதேவியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரம் எழுதியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் பொடி எழுத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்து வாசித்தார். கடைசியில் சொன்னார்: "விலை குறைகிறதென்றால் யாரோ செய்ய வேண்டிய வேலை மிச்சம் கிடக்கிறது என்று அர்த்தம், மகளே. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கணக்குப் போடு. கணக்கு வந்தால் கேள். வராவிட்டால் விட்டுவிடு." அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த மிச்ச வேலை என்ன என்பதைத்தான்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் கணக்குக்குப் போகிறது. ஈடாக வைத்த சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, வங்கி கடனாளிக்கு 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்குள் பணம் வராவிட்டால் சொத்தின் சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, எடுக்கலாம். பிறகு ஏல அறிவிப்பு. இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் வர வேண்டும். முதல் ஏலத்துக்கு 30 நாள் இடைவெளி. யாரும் கேட்காமல் மறு ஏலம் வைத்தால் 15 நாள் போதும். மறு ஏலத்தில் விலையைக் குறைப்பார்கள். அப்படி மூன்றாவது நான்காவது முறையாக வரும் சொத்தைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன், இத்தனை பேர் ஏன் தொடாமல் போனார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

கடனாளி எப்போது வேண்டுமானாலும் பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்டுக்கொள்வாரோ என்ற பயம் எனக்கு இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த உரிமை. 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆனால் வங்கி நாள் கணக்கில் தவறு செய்திருந்தாலோ, நோட்டீஸ் முறையாகச் சேராமல் இருந்தாலோ ஏலமே ரத்தாகலாம். அதனால் விளம்பரத்தில் இருக்கும் நோட்டீஸ் தேதி, சுவாதீனத் தேதி, ஏலத் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி இடைவெளியை எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பெரியப்பாவிடம் கொண்டுபோன அந்த முதல் விளம்பரம் சுத்தமல்லிப் பக்கம் ஒரு மனை. அவர் புல எண்ணைப் பார்த்ததும் சிட்டாவை எடுத்துப் பார் என்றார். இணையத்தில் எடுத்தேன். நஞ்சை என்று இருந்தது. நேரில் போனால் வரப்பும் வாழையுமாக நிற்கிறது. விவசாய நிலத்தை சர்ஃபாசி சட்டத்தில் ஏலம் விட முடியாது என்று சட்டத்தின் 31ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. விளம்பரத்தில் மனை, தரையில் வாழைத்தோப்பு என்றால் கடனாளி கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக அந்த ஒரு காரணமே போதும். விட்டுவிட்டோம்.

இரண்டாவது, திருநெல்வேலி டவுனில் ஒரு வளவு வீடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒன்றை அங்கேதான் கண்டுகொண்டேன்.

விளம்பரத்தில் நான்கெல்லை இப்படி இருந்தது: வடக்கே இன்னார் வீடு, தெற்கே தெரு, மேற்கே இன்னார் வீடு, கிழக்கே முடுக்கு. பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் கணவரும் அந்த முடுக்குக்குள் நுழைந்தோம். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அகலம். உள்ளே ஐந்து வீடுகள், நடுவில் ஒரே கிணறு. ஏலத்துக்கு வந்த வீட்டின் அடுப்படிக் கதவு திறப்பதே பக்கத்து வீட்டுக்காரரின் நடையில். கிணற்றுப் பாத்தியம், நடைப் பாத்தியம், சாக்கடை போகும் வழி என்று எதைப் பற்றியும் விளம்பரத்தில் ஒரு சொல் இல்லை. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்கவா பார்க்கிறீர்கள்? இந்த வீட்டுக்கு மூன்று பெண்மக்கள் உண்டு தாயி. ஒருத்தியிடமும் கையெழுத்து வாங்கவில்லை" என்றார்.

வில்லங்கச் சான்றில் இது வராது. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். அந்த வீட்டுக்கு 30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டு வைத்திருந்தேன். அண்ணனும் தம்பியும் செய்துகொண்ட பாகப்பிரிவினை அதில் அழகாகப் பதிவாகியிருந்தது. சகோதரிகள் பெயர் எங்குமே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1989லேயே மணமாகாத பெண்மக்களுக்கும், 2005இல் நாடு முழுவதும் எல்லாப் பெண்மக்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே, குடும்பச் சொத்தின் பாகப்பிரிவினையைப் படிக்கும்போது அந்தக் குடும்பத்தில் பெண்மக்கள் எத்தனை பேர் என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து, நீதிமன்றங்களின் இணையதளத்தில் கடனாளியின் பெயரைப் போட்டுத் தேடினேன். பாகம் கேட்டு ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. தேடுவதற்குக் காசு எதுவும் இல்லை. வங்கியின் அறிவிப்பிலோ, 'வங்கிக்குத் தெரிந்தவரை வில்லங்கம் ஏதுமில்லை' என்று இருந்தது. அது பொய் என்று சொல்லமாட்டேன். வங்கிக்குத் தெரிந்தவரை என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில், உள்ள நிலையில்' என்று சொல்லித்தான் வங்கி விற்கிறது. வாங்கிய பிறகு குறை சொன்னால் அந்த வரியைக் காட்டுவார்கள்.

அதற்குப் பிறகு எந்தச் சொத்துக்கும் மூன்று முறை போவது என்று வைத்துக்கொண்டோம். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மழை பெய்த மறுநாள் ஒரு முறை. நம் ஊரில் மூன்றாவது மிக முக்கியம். தாமிரபரணிக் கரையோரத் தெருக்களில் 1992 வெள்ளம் எதுவரை வந்தது என்று பெரியவர்கள் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் என்று மூன்று பேரிடமாவது பேச வேண்டும். மறைத்துப் பேசக் கூடாது. இந்த வீடு ஏலத்துக்கு வருகிறது, விசாரிக்க வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும், மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாவதாக வந்ததுதான் இன்று நாங்கள் குடியிருக்கும் வீடு. பாளையங்கால்வாய்க்குப் பக்கத்துத் தெரு. இரண்டே முக்கால் சென்ட், ஓட்டுக் கூரை எடுத்துக் கட்டிய தளவீடு, பின்னால் சின்ன முற்றம். குறைந்தபட்ச ஏலத்தொகை 24 லட்சத்து 60 ஆயிரம். தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி சரியாக வந்தது. கடனாளி தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, பங்காளி யாரும் இல்லை. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் பத்திரத்தின் அளவும் ஒத்துப்போயின. சர்வேயரைக் கூட்டிப்போய் வெளியிலிருந்து அளந்து பார்த்ததில் தெற்கே அரை அடி மட்டும் குறைந்தது. பெரியப்பா, "இது தெளிந்த தண்ணீர்" என்றார்.

ஆனால் விளம்பரத்தில் ஒரு சொல் இருந்தது: அடையாளச் சுவாதீனம். வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, சாவி இன்னும் கடனாளியிடம்தான் என்று அதற்குப் பொருள். சாவி வங்கியின் கையில் இருந்தால் அதை நேரடிச் சுவாதீனம் என்பார்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் பல மாதங்களும் சில லட்சங்களும் இருக்கின்றன. முதன்முதலாக ஏலத்துக்குப் போகிறவர் நேரடிச் சுவாதீனம் உள்ள சொத்தை மட்டும் பார்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. எனக்கு அப்போது அந்தத் தெளிவு இல்லை. வங்கியில் கேட்டேன். பொறுப்பில் இருந்த அதிகாரி, "இரண்டு மாதத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவோம் மேடம்" என்றார். எழுத்தில் கேட்டேன், தரவில்லை. அந்த மறுப்பே போதிய பதில் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

வெளியிலிருந்து பார்க்கத்தான் அனுமதி. தெருவில் நின்று பார்த்தபோது மாடிப்படிக் கொடியில் பள்ளிச் சீருடை இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. ஒன்று மேல்நிலை வகுப்பு மாணவியுடையது. எங்கள் பள்ளிச் சீருடை இல்லை, ஆனால் எந்தப் பள்ளி என்று தெரிந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் ஏலம் கேட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. நான் கேட்காவிட்டால் வேறொருவர் கேட்பார், அல்லது மறு ஏலத்தில் இன்னும் விலை குறையும். ஏலத்தில் வரும் தொகை கடனில் கழிகிறது. மிச்சமிருந்தால் கடனாளிக்குத் திரும்புகிறது, பற்றாவிட்டால் பாக்கி அவர் தலையில் நிற்கிறது. வீடு அடிமாட்டு விலைக்குப் போனால் அந்தக் குடும்பத்துக்குத்தான் கூடுதல் நட்டம். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என்னால் மேற்கொண்டு நகர முடிந்தது.

உச்ச விலையை நாங்கள் கணக்கிட்ட விதம் இது. அதே தெருவில் அண்மையில் கைமாறிய வீட்டை வைத்துச் சந்தை விலை 38 லட்சம் என்று வைத்தோம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணத்துக்கு 3 லட்சம். மராமத்துக்கு 3 லட்சம். வக்கீல், அலைச்சல், காலி செய்யும் செலவு ஒன்றரை லட்சம். ஓராண்டு சாவி கிடைக்காவிட்டால் இழக்கும் வாடகை 1 லட்சத்து 10 ஆயிரம். தெரியாத செலவுக்கு 1 லட்சம். இத்தனை சிரமத்துக்கு நமக்கென்று மிஞ்ச வேண்டியது 2 லட்சம். எல்லாம் கழித்தால் 26 லட்சத்து 40 ஆயிரம். பத்து லட்சம் குறைவு என்று தோன்றுகிற சொத்தில் உண்மையில் மிஞ்சுவது இரண்டு லட்சம்தான். இந்தக் கழித்தலில் வரும் எண் குறைந்தபட்ச ஏலத்தொகைக்குக் கீழே போய்விட்டால் அந்த ஏலம் நமக்கில்லை என்று எழுந்துவிட வேண்டும். அந்த எண்ணை என் வகுப்புக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக எழுதி, அதன் கீழே நானும் கணவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே கட்டும் முன்வைப்புத் தொகை, குறைந்தபட்ச ஏலத்தொகையில் பத்து சதவீதம், 2 லட்சத்து 46 ஆயிரம். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினோம். ஏலத்தில் எடுத்துத் தருகிறேன், அதிகாரியை எனக்குத் தெரியும் என்று இரண்டு பேர் வந்தார்கள். விளம்பரத்தில் அச்சான கணக்கு எண் தவிர வேறு எங்கும் ஒரு ரூபாயும் செலுத்தக் கூடாது.

2022 செப்டம்பரில் ஒரு பகல் பதினோரு மணிக்கு இணையவழி ஏலம். ஒவ்வொரு படியும் 25 ஆயிரம். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால் நேரம் இன்னும் ஐந்து நிமிடம் தானாகவே நீளும். இது தெரியாதவர்கள் கடைசி நொடியில் தட்டினால் கிடைத்துவிடும் என்று காத்திருப்பார்கள். எங்களோடு ஒருவர் மட்டும் போட்டிக்கு நின்றார். 25 லட்சத்தைத் தாண்டியதும் என் விரல்கள் நடுங்கின. திரையில் எதிராளியின் பெயர் தெரியாது. வெறும் எண் மட்டும் ஏறும். முகம் தெரியாத அந்த ஆள்மீது ஒரு கோபம் வருகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. வீடு மறந்து போகிறது, ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும் நிற்கிறது. குறிப்பேட்டைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். 26 லட்சத்து 10 ஆயிரத்துக்கு நான் கேட்டேன்; எதிராளி இன்னும் ஒரு படி ஏற்றினால் நான் எழுந்துவிட வேண்டியதுதான். ஐந்து நிமிடம் கடந்தது. யாரும் ஏற்றவில்லை. கணவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஏலத் தொகையில் 25 சதவீதத்தை அன்றே, அல்லது மறு வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். எங்களுக்கு அது 6 லட்சத்து 52 ஆயிரத்து 500. முன்வைப்புத் தொகை போக 4 லட்சத்து 6 ஆயிரத்து 500. மீதி 75 சதவீதம், 19 லட்சத்து 57 ஆயிரத்து 500, விற்பனை உறுதியான 15 நாளுக்குள். எழுத்து மூலம் ஒத்துக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டலாம், ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது. கட்டத் தவறினால் கட்டிய பணம் போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், மீதியைக் கட்ட முடியாமல் போனவரின் 25 சதவீதத் தொகை முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக் கடன் கிடைத்துவிடும் என்று நினைத்து ஏலத்துக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். சாவி கையில் இல்லாத வீட்டுக்குக் கடன் தர நாங்கள் கேட்ட இரண்டு வங்கிகளும் தயங்கின. வருங்கால வைப்பு நிதிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தேன். மீதியை நகைக் கடனிலும் என் அண்ணனிடம் கைமாற்றிலும் சேர்த்துப் பதின்மூன்றாம் நாள் கட்டி முடித்தோம். அந்தப் பதின்மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விற்பனைச் சான்றிதழ் வந்தது, பதிவும் முடிந்தது. மூலப் பத்திரங்களை வாங்கும்போது ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, எண்ணிப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். காகிதப்படி வீடு எங்களுடையது. கொடியில் அவர்கள் சீருடைதான் காய்ந்துகொண்டிருந்தது.

நவம்பரில் மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கடனாளியின் மனைவி வழக்குப் போட்டிருந்தார். அவருடைய கணவர் இறந்து ஓராண்டாகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வங்கி நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகக் கடனாளி தரப்புக்கு உரிமை உண்டு. அது அவர்கள் உரிமை. அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் வாங்கியவருக்கும் வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது. நான்கு முறை விடியற்காலையில் வேய்ந்தான்குளத்தில் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கினேன். ஒரு முறை பத்து நிமிட வாதம். மற்ற மூன்று முறையும் வாய்தா. கடனில் ஒரு பகுதியைக் கட்டினால், வீட்டை எடுக்க விதித்திருந்த இடைக்காலத் தடை தொடரும் என்று தீர்ப்பாயம் சொன்னது. அவர்களால் கட்ட முடியவில்லை. 2023 ஜனவரியில் தடை விலகியது.

அடுத்து, சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி நேரடிச் சுவாதீனம் எடுக்கத் தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுப் போட வேண்டும். இதை வங்கிதான் செய்ய முடியும், வாங்கியவர் செய்ய முடியாது. சட்டத்தில் 30 நாள், நீட்டித்தால் 60 நாள் என்று இருக்கிறது. வங்கி மனுவைத் தயாரிக்கவே ஒரு மாதம் எடுத்துக்கொண்டது. பணம் வந்துவிட்டதால் அவர்களுக்கு அவசரமில்லை. வாரந்தோறும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். நேரில் போய்ச் சத்தம் போடுவதைவிடக் கோப்பில் ஏறும் கடிதத்துக்கு வலு அதிகம்.

மார்ச் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. வழக்கறிஞர் ஆணையரும் போலீசும் வந்து காலி செய்யலாம். அதிகாரி தேதி குறிக்கச் சொன்னார். நான் நாள்காட்டியைப் பார்த்தேன். மார்ச் 13ஆம் தேதி பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்குகிறது.

இருபது ஆண்டுகள் தேர்வு அறையில் கண்காணிப்புக்கு நின்றவள் நான். வீட்டில் இரவு சண்டை நடந்த பிள்ளை காலையில் விடைத்தாளை எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். ஏப்ரல் 3இல்தான் தேர்வு முடிகிறது, அதுவரை யாரும் போக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் கோபப்பட்டார். "அவர்கள் உன்மேல் கேஸ் போட்டவர்கள், தங்கச்சி. இன்னும் இரண்டு மாதம் வட்டி யார் கட்டுவது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அவருடைய பணமும் அதில் இருந்தது.

அந்தக் கடிதத்தோடு இன்னொன்றும் செய்தேன். வங்கி அதிகாரியை உடன் வைத்துக்கொண்டு அந்த அம்மாவைச் சந்திக்க ஏற்பாடு செய்யச் சொன்னேன். தனியாகப் போகவில்லை. வழக்கு நடந்த வீட்டு வாசலில் தனியாகப் போய் நிற்பது இரு தரப்புக்கும் நல்லதல்ல. வங்கியில் ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தோம். அவர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டீச்சர் என்கிறார்களே, நீங்கள்தானா?" என்று மட்டும் கேட்டார். தேர்வு முடியும் வரை யாரும் வரமாட்டார்கள் என்று நான் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாடகை வீட்டுக்கு முன்பணம் இல்லாமல்தான் நகர முடியாமல் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. அத்தனை வழக்கும் வாய்தாவும் ஓடியது 60 ஆயிரம் ரூபாய்க்கு.

அந்தத் தொகையைத் தருவதாக எழுதினோம். நிபந்தனைகள் தெளிவாக இருந்தன: ஏப்ரல் கடைசி வாரத்தில் காலி செய்ய வேண்டும், வீடு முழுவதும் காலியான பிறகு அதிகாரி முன்னிலையில் சாவியும் காசோலையும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும், வழக்கைத் திரும்பப் பெறும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். சட்டப்படி இந்தப் பணத்தை நான் கொடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் இன்னும் ஆறு மாதம் வக்கீலுக்கும் மதுரைக்கும் செலவழித்திருந்தால் இதைவிட அதிகமாகியிருக்கும். கணக்கை விட்டாலும், போலீசை நிறுத்திப் பெண்பிள்ளைகளின் புத்தகத்தைத் தெருவில் எடுத்துவைத்த வீட்டில் என்னால் விளக்கேற்றியிருக்க முடியாது. ஆள் வைத்து மிரட்டுவது, மின் இணைப்பைத் துண்டிப்பது போன்ற யோசனைகளை எனக்கும் சிலர் சொன்னார்கள். அவை குற்றம். அதோடு, வென்ற வழக்கையும் தோற்கடிக்கும்.

ஏப்ரல் 27 அன்று சாவி வாங்கினோம். சாமான் பட்டியலை அறை அறையாகச் சரிபார்த்துக்கொண்டு பின்முற்றத்துக்கு வந்தபோது ஒரு சிக்கல். பழைய ஆட்டுரல் ஒன்று தரையில் சிமெண்ட் வைத்துப் பதித்திருந்தது. அசையும் பொருளா, கட்டடத்தின் பகுதியா என்று அதிகாரி யோசித்தார். "என் மாமியார் தந்தது. இது மட்டும் இருக்கட்டும் டீச்சர், ஒரு வாரத்தில் ஆள் அனுப்புகிறேன்" என்றார் அந்த அம்மா. பட்டியலின் கடைசியில் 'ஆட்டுரல் ஒன்று, பின்னர் எடுத்துக்கொள்ளப்படும்' என்று எழுதி எல்லாரும் கையெழுத்திட்டோம். கையளிப்புத் தாளில் இப்படிச் சின்னச் சின்னப் பொருளையும் எழுதிவிட வேண்டும். பின்னால் வரும் மனத்தாங்கல் பெரும்பாலும் சின்னப் பொருளில்தான் தொடங்கும்.

சாவி வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. மாநகராட்சித் தீர்வை மூன்று ஆண்டு பாக்கி. மின் கட்டணப் பாக்கியும் இருந்தது. பழைய உரிமையாளர் பாக்கிதானே என்று வாதாட நினைத்தேன். புதிய இணைப்புக்கு அதைக் கட்டச் சொல்ல மின்வாரியங்களுக்கு விதிப்படி உரிமை உண்டு என்று அந்த மே மாதமே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கட்டினேன். அதனால் ஏலத்துக்கு முன்பே மின் இணைப்பு எண்ணையும் தீர்வை எண்ணையும் வாங்கிப் பாக்கியைப் பார்த்துவிடுங்கள். பட்டா மாற்றத்துக்கு விற்பனைச் சான்றிதழ் நகலோடு மனுப் போட்டேன். அலுவலகத்தில் கிரயப் பத்திரம் எங்கே என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஏலத்தில் வாங்கியவருக்கு அந்தச் சான்றிதழ்தான் உரிமை ஆவணம் என்று விளக்கி எழுதிக் கொடுத்த பிறகு மாறியது.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, சுமை ஆட்டோவில் அந்த அம்மா வந்தார். கொத்தனார் சிமெண்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது நான் காபி போட்டுக் கொடுத்தேன். முற்றத்துப் படியில் உட்கார்ந்து குடித்தார். அந்த வீட்டில் அவர் பதினாறு ஆண்டுகள் இருந்தவர். மகளின் மதிப்பெண்ணைச் சொன்னார். நல்ல மதிப்பெண். பிறகு பின்கதவைக் காட்டி, "மழைக்காலத்தில் எல்லாரும் முன்வாசலைத்தான் பார்ப்பார்கள் டீச்சர். இங்கே தண்ணீர் பின்னாலிருந்துதான் வரும். கால்வாய் நிறைந்தால் சாக்கடை எதிர்த்து ஏறும். மராமத்துப் பார்க்கும்போது இந்த நடையை இரண்டு செங்கல் உயர்த்திக் கட்டிவிடுங்கள்" என்றார். வங்கியின் மதிப்பீட்டு அறிக்கை ஒன்பது பக்கம். மழை பெய்த மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தபோதும் தெருவைத்தான் பார்த்தோம். இது எதிலும் இல்லை.

கொத்தனார் அங்கேயே இருந்தார். ஆட்டுரல் இருந்த பள்ளத்தை மூடிவிட்டு நடையையும் உயர்த்தித் தரச் சொன்னேன். வாடகைக்கு விடும் எண்ணத்தையும் அந்த மாதமே கைவிட்டு நாங்களே குடிவந்தோம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. இங்கும் பகலும் இரவும் விடவில்லை. மின்சாரம் போய்விட்டது. நள்ளிரவில் டார்ச்சோடு பின்கதவைத் திறந்தால் முற்றம் முழுக்கக் கறுப்புத் தண்ணீர். முதல் செங்கல் மூழ்கி, இரண்டாவதின் பாதி வரை ஏறியிருந்தது. விடியும் வரை நானும் கணவரும் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அதற்கு மேல் ஏறவில்லை.

அலைபேசித் தொடர்பு திரும்பியதும் நான் முதலில் அழைத்தது அந்த அம்மாவைத்தான். அவர்கள் இருப்பது மாடி வீடு, தண்ணீர் வரவில்லை என்றார். "நடை தாங்கியதா டீச்சர்?" என்று கேட்டார்.